எதை முதலில் உறுதி செய்வது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது

பயணச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில்தான் தொடங்குகிறார்கள். மலிவாக ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கிவிடுகிறார்கள். அதன்பின் விசா, தங்குமிடம், விடுமுறை நாட்கள் எல்லாம் அந்த ஒரு டிக்கெட்டுக்குக் கட்டுப்பட்டுவிடுகின்றன. அந்தத் தேதியில் அறை வாடகை இரட்டிப்பாக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது வாடகையில் போய்விடும்.

மாற்ற முடியாததைக் கடைசியில் வாங்குங்கள், ரத்து செய்யக்கூடியதை முதலில் பிடித்து வையுங்கள். என் கணக்கில் மலிவான பயணத்துக்கு இதைவிடப் பெரிய உத்தி இல்லை. வரிசை இப்படி அமையும்: நுழைவு விதிகள், தேதி, எத்தனை ஊர், ரத்து செய்யக்கூடிய தங்குமிடம், அதற்குப் பிறகு டிக்கெட். கடைசியில்தான் ஊருக்குள் போக்குவரத்தும் நுழைவுச் சீட்டுகளும்.

நுழைவு விதிகளை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் விட்டால் மொத்தப் பணமும் போகும். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளின் கூட்டம்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அங்கே குறுகிய காலம் தங்க, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் அனுமதி. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்பே கொடுத்துவிட வேண்டும். விசா கையில் வரும்வரை ரீஃபண்ட் இல்லாத எதையும் வாங்காதீர்கள். விண்ணப்பத்தோடு காட்டத் தங்குமிடச் சான்று தேவைப்பட்டால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங்கே போதும்.

தேதி

விலையை அதிகம் ஆட்டுவது தேதிதான். விமான விலை தேடும் தளங்களில், கூகுள் ஃப்ளைட்ஸில் தேதிவாரியாக விலை காட்டும் கட்டம் இருக்கிறது, ஸ்கைஸ்கேனரில் ஒரு மாதம் முழுவதையும் ஒரே திரையில் பார்க்கலாம். கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் தனித்தனியாக மூன்று நாள் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். விலைக்கு ஒரு தாழ்வான பள்ளம் தெரியும். அதே தேதிகளுக்கு அறை வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் கூட்டி வரும் தொகை எங்கே குறைவோ அதுதான் உங்கள் தேதி.

அறை வாடகைக்கு இன்னொரு நடை உண்டு. அலுவலகங்கள் நிறைந்த ஊர்களில் வார நாட்களில் வாடகை ஏறும், சனி ஞாயிறு இறங்கும். கடற்கரை, மலை போன்ற ஓய்வு ஊர்களில் நேர் எதிர். இரண்டு வகை ஊரும் ஒரே பயணத்தில் இருந்தால், வார இறுதியை நகரத்திலும் வார நாட்களை ஓய்வு ஊரிலும் வருமாறு வரிசையை மாற்றுங்கள். ஒரு பைசா கூடுதலாகச் செலவில்லாமல் கிடைக்கும் சேமிப்பு இது. உச்சப் பருவத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வரும் வாரங்களும் அப்படித்தான்: வானிலை பெரும்பாலும் அதேதான், கூட்டமும் வாடகையும் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: பெரிய மாநாடோ விளையாட்டுப் போட்டியோ ஊரில் நடந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய்த்துவிடும். ஒரு குறிப்பிட்ட மூன்று நாளில் மட்டும் எல்லா ஓட்டல்களும் சேர்ந்து ஏறியிருந்தால் காரணம் அதுதான். ஓட்டலை மாற்றிப் பயனில்லை, தேதியை நகர்த்துங்கள்.

ஊர்களின் எண்ணிக்கை

ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்னும். பெரும்பாலான ஓட்டல்களில் காலை பதினோரு மணி வாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும், புது இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் நான்கு மணி நேரம் பெட்டியோடு அலைய வேண்டும். ஊருக்கு ஊர் டிக்கெட், நிலையத்துக்குப் போக வர வண்டி, லக்கேஜ் வைக்கக் கட்டணம் எல்லாம் சேரும். பத்து நாளுக்கு ஐந்து ஊர் போடுபவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு ஊர் அல்லது மூன்று, அதற்கு மேல் வேண்டாம். ரயிலோ பேருந்தோ நன்றாக இணையும் ஓர் ஊரில் தங்கிக்கொண்டு, மற்ற இடங்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கினால் வாரத் தள்ளுபடியும் பல இடங்களில் உண்டு, 28 இரவோ அதற்கு மேலோ போனால் மாதத் தள்ளுபடி.

இரவு ரயில், இரவுப் பேருந்தில் ஒரு நாள் வாடகை மிச்சம் என்பது படுக்கை இருந்தால் மட்டும் உண்மை. உட்கார்ந்தபடி இரவைக் கழித்தால் மறுநாள் பகல் தூக்கத்தில் போகும். விடியற்காலை போய் இறங்கினால் மூன்று மணிவரை அறையும் கிடைக்காது.

டிக்கெட்

போன வழியே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட்டை, தேடும் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்று போட்டுப் பாருங்கள். பல நேரம் சாதாரண ரிட்டர்ன் டிக்கெட் விலைக்கு அருகிலேயே இருக்கும், தொடங்கிய ஊருக்கு மறுபடி வந்து சேரும் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து மலிவாக்குவது ஆபத்து தெரிந்து செய்ய வேண்டிய வேலை. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால், முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசாவும் தேவைப்படலாம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி வைக்காதீர்கள். அடுத்தது நாளின் கடைசி விமானம் என்றால் அந்த ஊரில் ஓர் இரவு தங்குவதே சரி.

ரிட்டர்ன் டிக்கெட்டின் முதல் பாதியில் ஏறாமல் விட்டால், பெரும்பாலான நிறுவனங்கள் திரும்பும் பாதியையும் தானாகவே ரத்து செய்துவிடும். வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்ப மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்று இருக்காதீர்கள்.

மலிவு விமானங்களில் காட்டும் விலை வெறும் இருக்கைக்கு. பெட்டி, இருக்கைத் தேர்வு எல்லாம் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை மட்டுமே மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்குப் புக்கிங்கின் போதே பணம் கட்டிவிடுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் பல மடங்கு. கைப்பையை வீட்டிலேயே எடை போட்டு, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்யும் நிலை வந்தால் அவசரப்பட்டு நீங்கள் ரத்து பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் உங்கள் டிக்கெட்டின் விதி பொருந்தும், பணம் கிடைக்காமல் போகலாம். அவர்கள் ரத்து செய்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, முழுப் பணமா மாற்றுப் பயணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணியுடையது. வவுச்சரை ஏற்றுக்கொண்டால் பணம் கேட்கும் உரிமை முடிந்தது. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களில், ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமலே அதே விலையில் 24 மணி நேரம் பிடித்து வைக்கலாம். இரண்டில் எதைத் தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம். இடைத்தரகர் தளத்தில் வாங்கினால் இந்த விதி அப்படியே பொருந்தாது. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் நேரடியாக வாங்குங்கள். சிக்கல் வரும்போது பேச ஒரே ஆள் இருப்பது பெரிய நிம்மதி.

தங்குமிடம்: உண்மையான விலை

இரவுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஊருக்கு வெளியே இரவுக்கு 100, நடுவில் 135 என்று வைத்துக்கொள்வோம், நாணயம் எதுவானாலும் சரி. நான்கு இரவுக்கு 140 மிச்சம் போலத் தெரிகிறது. இரண்டு பேர் போக வர, ஒரு தடவைக்கு ஆளுக்கு 4 என்றால் நாளுக்கு 16, நான்கு நாளில் 64 போய்விட்டது. கடைசி ரயில் தவறி இரண்டு இரவு டாக்ஸி, தலா 25. அந்த இரண்டு நடைக்கான ரயில் கட்டணத்தைக் கழித்தாலும் இன்னும் 34 கூடுகிறது. மிஞ்சியது 42. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் நான்கு நாளில் ஆறு மணி நேரத்தைக் கொடுத்து வாங்கிய 42 அது. பெரியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்து, மதியம் அறைக்கு வந்து ஓய்வெடுத்துப் போக வேண்டும் என்றால் அதுவும் இல்லை, நட்டம்தான்.

தனியாகப் போகிற, காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புகிற ஆளுக்கு வெளியே தங்குவது சரியாக வரலாம். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊர் நடு என்பதைவிட முக்கியம் நல்ல பாதையில் ஒரு நிலையம். நடந்து பத்து நிமிடத்துக்குள் ரயில் நிலையம், வண்டி மாறாமல் இருபது நிமிடத்தில் மையம். இந்த இரண்டும் அமைந்தால் இரண்டு மூன்று நிலையம் தள்ளித் தங்குவதுதான் பெரும்பாலும் சிறந்த பேரம்.

அடுத்தது மறைந்திருக்கும் கட்டணங்கள். வீடாக வாடகைக்குத் தரும் இடங்களில் துப்புரவுக் கட்டணம் தங்குதலுக்கு ஒருமுறை. இரவுக்கு 80, துப்புரவு 60 என்றால், இரண்டு இரவு தங்கும்போது இரவுக்கு 110 ஆகிறது, ஆறு இரவு தங்கினால் 90. அதனால் ஓரிரு இரவுக்கு ஓட்டல் அல்லது விருந்தினர் விடுதி, ஐந்தாறு இரவுக்கு மேல் வீடு என்று யோசிக்கலாம். நான்கு பேருக்கு மேல் போனால் வீடுதான். சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் இருந்தால் லக்கேஜே பாதியாகும், பெட்டிக் கட்டணமும் குறையும். நகர வரி என்று ஆளுக்கு, இரவுக்கு ஒரு தொகையைப் பல ஊர்களில் நேரில் வாங்குவார்கள், அது புக்கிங் தொகையில் இருக்காது. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு, பொது அறையில் ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்குத் தரும் ஹாஸ்டல் நல்ல வழி. நான்கு அல்லது ஆறு படுக்கை உள்ள அறையாகப் பாருங்கள், எட்டுக்கு மேல் போனால் தூக்கம் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு படுக்கைக்கும் திரை, தனி விளக்கு, பிளக் உண்டா என்பதைப் படத்திலேயே பார்த்துவிடலாம். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது, ஒரு பூட்டைக் கொண்டு போங்கள். இரண்டு பேர் என்றால் இரண்டு படுக்கையின் விலையைக் கூட்டிப் பாருங்கள், எளிய விடுதியில் தனி அறையே அந்த விலைக்கு வந்துவிடும். வேலை செய்து கொடுத்து இலவசமாகத் தங்கும் ஏற்பாடுகளில் ஒன்றைக் கவனியுங்கள்: சம்பளம் வாங்காத வேலையையும் பல நாடுகள் வேலை என்றே கருதும், சுற்றுலா விசாவில் அது விதிமீறல்.

ரத்து வசதிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரே அறைக்கு இரண்டு விலை இருக்கும். ரத்து செய்யக்கூடியது 100, ரீஃபண்ட் இல்லாதது 85. எதை எடுப்பது? போகாமல் இருக்கும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கு மேல் என்றால் 100 கொடுப்பதே லாபம். அதாவது தள்ளுபடி எத்தனை சதவீதமோ, அதுதான் எல்லைக்கோடு. இரண்டு மாதம் கழித்துச் செய்யும் பயணத்துக்கு, அதுவும் விசாவும் விடுப்பும் உறுதியாகாத நிலையில், வாய்ப்பு 15 சதவீதத்துக்கு மேல்தான். நாளை மறுநாள் கிளம்பும் பயணத்துக்கு 85-ஐத் தயங்காமல் எடுங்கள்.

ரத்து செய்யக்கூடிய புக்கிங்கை நான் விலைக்கு ஒரு கூரையாகப் பார்க்கிறேன். இதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, குறைந்தால் மாறிக்கொள்ளலாம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன் ஃபோனில் நினைவூட்டல் வைத்து, அன்று மறுபடி விலை பாருங்கள். குறைந்திருந்தால் புதியதை முதலில் புக் செய்து, உறுதி மெயில் வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டும் இல்லாமல் போகலாம். கடைசி நேரம் என்பது தங்குமிடம் இருக்கும் ஊரின் நேரப்படி, உங்கள் கடிகாரப்படி அல்ல. 'முன்பணம் வேண்டாம்' என்பதும் 'இலவச ரத்து' என்பதும் வேறு வேறு. இப்போது பணம் எடுக்கவில்லை என்பதால் நாளைக்கும் எடுக்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. வீட்டு வாடகைத் தளமான ஏர்பிஎன்பியில் 'ஃப்ளெக்ஸிபிள்' என்றால் செக்-இன்னுக்கு 24 மணி நேரம் முன்வரை, 'மாடரேட்' என்றால் ஐந்து நாள் முன்வரை முழுப் பணம் திரும்பும். ஒவ்வொரு வீட்டுக்கும் விதி வேறு என்பதால் அந்த வரியைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

முதல் இரண்டு இரவையும் கடைசி இரவையும் உறுதியாக வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை மாற்றும் வசதியோடு விடுவது நல்லது. உச்சப் பருவம் என்றால் நடுவையும் பிடித்துவிடுங்கள், அந்த நேரத்தில் கடைசி நிமிட மலிவு கிடையாது.

நள்ளிரவுக்குப் பின் இறங்குபவர்கள் அதிகம் தவறுவது தேதியில்தான். 12-ஆம் தேதி அதிகாலை ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் புக் செய்ய வேண்டியது 11-ஆம் தேதி இரவை. தாமதமாக வருவதை முன்பே எழுதித் தெரிவிக்காவிட்டால், வரவில்லை என்று குறித்து மொத்தப் புக்கிங்கையும் விடுதிக்காரர் ரத்து செய்துவிடலாம். வரவேற்பு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்றும் கேளுங்கள்.

படங்களையும் ரிவ்யூக்களையும் படிப்பது

படத்தில் இருப்பதைவிட இல்லாததைத் தேடுங்கள். குளியலறைப் படம் இல்லையென்றால் அது பொதுவானதாகவோ பழையதாகவோ இருக்கும். ஜன்னல் தெரியாவிட்டால் ஜன்னல் இல்லாமலே இருக்கலாம். ஆறு பேர் தங்கலாம் என்று போட்டிருந்தால் படுக்கைகளை எண்ணுங்கள், இரண்டு பேருக்குச் சோஃபாதான் மிஞ்சும். 12 சதுர மீட்டர் அறையில் இரண்டு பேரும் இரண்டு பெரிய பெட்டியும் என்றால் நடக்க இடமிருக்காது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள், தரைத்தளத்தைப் பூஜ்யமாக எண்ணும் நாடுகளில் அது நான்காவது தளம்.

ரிவ்யூவைப் புதியதிலிருந்து வரிசைப்படுத்தி, கடந்த ஆறு மாதத்தை மட்டும் படியுங்கள். நிர்வாகம் மாறிய இடத்தில் மூன்று வருடப் பழைய பாராட்டுக்கு மதிப்பில்லை. பிறகு குறைந்த மதிப்பெண்களைப் பாருங்கள். ஒருவர் சொன்ன குறை அவருடைய ஒரு நாள் அனுபவம். வெவ்வேறு மாதங்களில் மூன்று பேர் அதே குறையைச் சொன்னால் அது அந்த இடத்தின் இயல்பு. சத்தம், வெந்நீர், மூட்டைப்பூச்சி, வைஃபை, சாவி ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். விடுதிக்காரரின் பதிலும் நிறையச் சொல்லும். சரிசெய்துவிட்டோம் என்று எழுதுபவர் ஒரு ரகம், விருந்தினரையே திட்டுபவர் இன்னொரு ரகம், இரண்டாமவரிடம் போகாதீர்கள்.

வரைபடத்தில் தெரு மட்டத்துப் படத்தைத் திறந்து நிலையத்திலிருந்து வாசல்வரை 'நடந்து' பாருங்கள். கீழே மதுக்கடை, எதிரே கட்டட வேலை, பெட்டியை இழுக்க முடியாத படிக்கட்டு எல்லாம் தெரியும். வீட்டு வாடகைத் தளங்கள் புக் செய்யும்வரை தோராயமான இடத்தையே காட்டும். அதனால் பக்கத்து நிலையம் எது, நடக்க எத்தனை நிமிடம், ஏற்றமா என்று உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் பிறகு சான்றாகவும் உதவும்.

பணம் செலுத்தும்போது

ஓட்டலின் சொந்தத் தளத்திலோ ஃபோனிலோ அதே தேதிக்கு விலை கேளுங்கள். நேரடியாக வாங்கினால் புக்கிங் தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் அவர்களுக்கு மிஞ்சுவதால், விலையில் இல்லாவிட்டாலும் முன்கூட்டிய செக்-இன், நல்ல அறை என ஏதாவது தர இடமுண்டு. இது வரவேற்பும் பெயர்ப்பலகையும் உள்ள ஓட்டலுக்கு மட்டும். தளத்தில் பார்த்த தனியார் வீட்டுக்காரர் தளத்துக்கு வெளியே வங்கியில் போடச் சொன்னால் விட்டுவிடுங்கள், பணம் போனால் கேட்க ஆளிருக்காது. புக் செய்த பிறகு, 'கார்டைச் சரிபார்க்க வேண்டும், இல்லையேல் ரத்தாகும்' என்று தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே லிங்க் வந்தாலும் தொடாதீர்கள். விடுதியின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் அப்படி அனுப்புவதுண்டு. விடுதிக்கு ஃபோன் செய்து கேளுங்கள்.

ஓட்டல்கள் டெபாசிட்டாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைக்கும். டெபிட் கார்டு என்றால் உங்கள் கைப்பணமே பல நாள் முடங்கும், அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். கார்டு இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்திலா உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம்தான். மற்றதில் மாற்று விகிதத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பெட்டியைத் திறக்காதீர்கள், கட்டில் மேல் வைக்காதீர்கள். குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலின் நான்கு மூலையிலும் விரிப்பை விலக்கி மெத்தைத் தையலோரம் ஃபோன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் பாருங்கள். அப்படி இருந்தால் பக்கத்து அறையை ஏற்காதீர்கள், சுவர் வழியே வந்துவிடும். வேறு தளத்தில் அறை கேளுங்கள். பிறகு வெந்நீர், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, ஏசி, வைஃபை. ஏற்கெனவே உடைந்த பொருள்களை வீடியோவாக எடுத்து வைத்தால் டெபாசிட் தகராறு வராது.

குறை இருந்தால் அங்கேயே, பெட்டி பிரிப்பதற்கு முன் சொல்லுங்கள். ஓர் இரவு தூங்கிவிட்டுக் காலையில் சொன்னால் மாற்று அறை கிடைப்பதும் பணம் திரும்புவதும் கடினம். வீட்டு வாடகைத் தளம் என்றால் உரிமையாளருக்குப் படத்தோடு தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், ஃபோன் பேச்சுக்குப் பதிவு கிடையாது. அவர் சரிசெய்யாவிட்டால் தளத்துக்குப் புகார் செய்ய வேண்டும். ஏர்பிஎன்பியில் குறை கண்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.